மகளுக்காக உங்களுக்கு வாழ்த்துக்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ரொட்டிக் கடை வரிசையில் நடந்த கொஞ்சம்தான். மீதி எல்லாம் கைச்சரக்கு.

டெல்ஃப்சைல் என்ற கடலோர ஊரில் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை. கடல்காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும் என்பதால் இங்கே யாரும் குடை எடுப்பதில்லை. கடைக்குள் எல்லோரும் நனைந்துபோய்த்தான் நின்றோம். எனக்கு முன்னால் நீல மழைச்சட்டை போட்ட ஒருவர். அறுபதைத் தாண்டிய வயது. அவர் முறை வந்ததும் பழுப்பு ரொட்டியில் அரை கேட்டார். முழு ரொட்டியைத் தின்று தீர்க்க வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்குப் பாதியாக வெட்டித் தருவார்கள். நானும் அரை ரொட்டி ஆள்தான். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனிதரை நிமிர்ந்து பார்த்தேன்.

கடைக்காரப் பெண்மணி ரொட்டியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"அட, மறந்தே போயிட்டேன்! மகளுக்காக உங்களுக்கு வாழ்த்துக்கள்!"

"நன்றி," என்றார் அவர்.

யோசிக்காமல், உடனே சொன்னார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்போது பார்த்தேன், அவர் காது சிவந்திருந்தது. மிதிவண்டிப் பூட்டைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார். நான் என் அரை ரொட்டியோடு வெளியே வந்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த மனிதருக்கு எதற்காக வாழ்த்து என்றே தெரியாது என்பது என் ஊகம். ஊகம் தப்பென்றால் அவர் என்னை மன்னிக்கட்டும். குளிரில் எல்லோருக்கும்தான் காது சிவக்கும்.

[ஒரு குறிப்பு. இந்த ஊர்க்காரர்கள் நல்ல நாள் என்றால் அந்த நாளுக்கு உரியவரை மட்டும் வாழ்த்திவிட்டு விடுவதில்லை. அவருடைய அப்பா, அம்மா, தம்பி, மாமியார் என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு வாழ்த்து உண்டு. வட்டமாகப் போட்ட நாற்காலிகளைச் சுற்றி வந்து, "தம்பிக்காக உங்களுக்கு வாழ்த்துக்கள்", "மருமகளுக்காக உங்களுக்கு வாழ்த்துக்கள்" என்று ஒவ்வொருவராகக் கைகுலுக்க வேண்டும். இதைத் தமிழில் எழுதுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. 'உங்கள் மகளுக்கு வாழ்த்துக்கள்' என்றால் வாழ்த்து மகளுக்குப் போய்விடுகிறது. 'மகளோடு வாழ்த்துக்கள்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாழ்த்துவது போல் இருந்தது. கடைசியில் 'மகளுக்காக' என்று வைத்தேன். அவள் உங்களுடையவள் என்பதற்காக, என்று படித்துக்கொள்ளுங்கள்.]

2

முதல் தொடக்கம்: "ரூல்ஃப் தன் வாழ்நாளில் யாரையும்"

வேண்டாம். 'வாழ்நாளில்' என்று தொடங்கினால் கடைசிக்குள் யாராவது சாக வேண்டியிருக்கும்.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்தது. ரூல்ஃபின் மனதிலும்"

சீ.

மூன்றாவது: "ரூல்ஃபுக்கு ஒரே மகள். அவளுக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது. அது என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர."

இது பரவாயில்லை. கதையின் சிக்கல் என்ன என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுகிறது. இருக்கட்டும்.

பெயர் கிடைத்துவிட்டது. தொழில்? முதலில் அவரைக் கலங்கரை விளக்கத்தில் வேலைக்கு வைத்தேன். தனிமையைக் காட்ட அதைவிடச் சோம்பேறித்தனமான வழி இல்லை என்று எனக்கே தெரிந்ததால் அடித்துவிட்டேன். இப்போது அவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டப் பழகினார்கள். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசும்போது மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். விவாகரத்து, கருக்கலைப்பு, அண்ணனோடு சொத்துத் தகராறு, எல்லாம் அவர் காதுக்கு வந்திருக்கிறது. பரீட்சையில் தேறியதும் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து வருவது எதிரே தாண்டிப் போகும்போது ஒரு ஹாரன் சத்தம் மட்டும்.

அப்படிப் பழகியவர்களில் அவர் மகள் இம்கேவும் ஒருத்தி.

3

ரொட்டிக் கடையில் வாழ்த்து வாங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பே ரூல்ஃபுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்து இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார். அதே மருத்துவமனையில் வியாழக்கிழமைகளில் நீன்கே என்ற மனநல ஆலோசகர் உட்கார்ந்திருப்பார், போய்ப் பேசுங்கள் என்றார். ரூல்ஃப் போனார். போகவில்லை என்றால் மருத்துவர் வருத்தப்படுவாரே என்று போனார்.

நீன்கேவுக்கு நாற்பது வயது இருக்கும். காபியை ஆறவிட்டு மறந்துபோகிற ஆள். ஒரு பெரிய காகிதத்தை மேஜையில் விரித்தாள்.

"ஒங்க குடும்பத்தப் படமா போடப் போறோம். ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம். இறந்தவங்களுக்கு உள்ள ஒரு பெருக்கல் குறி."

ரூல்ஃப் ஒரு சதுரம் போட்டார். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, 'ஆல்யே' என்று மனைவி பெயரை எழுதினார். வட்டத்துக்குள் பெருக்கல் குறி போடச் சற்று நேரம் பிடித்தது. மிகச் சின்னதாகப் போட்டார்.

"இப்ப கோடு," என்றாள் நீன்கே. "மூணு கோடு சேந்து போனா ரொம்ப நெருக்கம். ஒத்தக் கோடு சாதாரணம். புள்ளி புள்ளியாப் போனா தூரம். ரம்பப் பல்லு மாதிரி மேலயும் கீழயும் போனா சண்டை. நடுவுல வெட்டி ரெண்டு சின்னக் குச்சி போட்டா, ஒறவே அறுந்துபோச்சுன்னு அர்த்தம்."

"இதுக்குப் பரீட்சை உண்டா?"

"இல்ல."

"அதான் எல்லாரும் தாறுமாறா ஓட்டுறாங்க."

நீன்கே வாய்விட்டுச் சிரித்தாள். ரூல்ஃபுக்கு அது பிடித்திருந்தது. அவர் வீட்டில் யாரும் சிரித்து நாளாகிவிட்டது. குறிகளும் அவருக்குப் பிடித்துப்போயின. குறி என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. சாலையோரத்துப் பலகையில் போட்ட குறிக்கு ஒரே அர்த்தம்தான், எல்லோருக்கும் அதே அர்த்தம்தான். அதை நம்பித்தான் அவர் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறார்.

[ரொட்டி தின்றிருக்கிறார். பழக்க தோஷம்.]

கீழே ஒரு வட்டம் போட்டு 'இம்கே' என்று எழுதினார்.

"ஒங்களுக்கும் இம்கேவுக்கும் நடுவுல என்ன கோடு?"

பென்சில் நின்றது.

"சண்டையா?"

"சண்டையே போட்டதில்ல."

"அறுந்துபோச்சா?"

"நான் பிறந்தநாளுக்குக் கார்டு போடுறேனே."

"அவங்க?"

"அவளுக்கு வேல ஜாஸ்தி."

நீன்கே காபியை எடுத்துக் குடித்துப் பார்த்து, ஆறிப்போயிருந்ததால் முகம் சுளித்தாள்.

"எங்க ரோட்டுல ஒரு கோடு இருக்கு," என்றார் ரூல்ஃப். "முழுக் கோடு ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே விட்டு விட்டுப் போற கோடு ஒண்ணு. விட்டு விட்டுப் போறது யார் பக்கமோ அவன் அந்தப் பக்கம் தாண்டிப் போகலாம். முழுக் கோடு யார் பக்கமோ அவன் தாண்டக் கூடாது."

"நம்ம படத்துல அது கெடையாது. ஆனா போடுங்களேன், யாரு கேக்கப் போறா?"

போட்டார். நேராக, அழகாகப் போட்டார்.

"இதுல முழுக் கோடு யார் பக்கம், ரூல்ஃப்?"

அவர் காகிதத்தை ஒரு முறை சுற்றித் திருப்பிப் பார்த்தார். போடும்போது அது மகள் பக்கம் என்று நினைத்துத்தான் போட்டிருந்தார். திருப்பிப் பார்த்தபோது தன் பக்கம் போலவும் இருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பெண் பெற்ற அப்பாவோடு பேசாமல் இருக்கிறாள் என்றால் இந்த ஆள் ஏதோ செய்திருக்க வேண்டாமா? அடிக்கிறவராக எழுதிப் பார்த்தேன், குடிக்கிறவராக எழுதிப் பார்த்தேன். ரொட்டிக் கடையில் பார்த்த காது அதற்கெல்லாம் ஒத்துவரவில்லை. பெரிய குற்றம் ஒன்றை அவர் தலையில் கட்டினால் எனக்குக் கதை சுலபமாகும். வாசகருக்கும் யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிடும். ஆனால் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் எதுவும் அப்படிப் பெரிய குற்றத்தால் பிரியவில்லை.

ஆகவே இப்படி வைத்துக்கொள்கிறேன். ஆல்யே நோயில் கிடந்து இறந்தாள். அடக்கம் முடிந்த வாரத்திலேயே ரூல்ஃப் அவள் துணிமணிகள் அத்தனையையும் மடித்துப் பைகளில் போட்டு, பழைய பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசனை வந்தது, அவரால் தாங்க முடியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இம்கே வந்தாள். அம்மாவின் பச்சைக் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்ள வந்தாள். அலமாரி காலியாக இருந்தது.

"எல்லாமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"இடம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு," என்றார் ரூல்ஃப்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் காபி குடித்தாள், பாத்திரம் துடைத்து வைத்தாள், அஸென் நகரத்துக்கு ரயில் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு தொலைபேசியில் பேசுவது குறைந்தது, பிறகு குறுஞ்செய்தி, பிறகு கார்டில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே கையெழுத்து. இப்போது சில வருடங்களாக அதுவும் இல்லை. ரம்பப் பல் கோடு போட இங்கே எதுவுமே நடக்கவில்லை. இம்கே அந்தப் பழைய பொருள் கடைக்குப் போய்ப் பச்சைச் சட்டையைத் தேடினாளா என்பது எனக்குத் தெரியும், தேடினாள். ரூல்ஃபுக்குத் தெரியாது.

5

வாழ்த்து வாங்கிய மறு சனிக்கிழமை. இம்கே பிறந்தது மே மாதம், எனவே இது பிறந்தநாள் வாழ்த்து இல்லை என்று ரூல்ஃபுக்கு நிச்சயம். வேறு என்ன? வாரம் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தார். கல்யாணமா, குழந்தையா, வேலையில் உயர்வா, வீடு வாங்கியிருக்கிறாளா? இணையத்தில் தேடினார். அவள் பக்கம் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டியிருந்தது. கடைக்காரி கேஸ்கேவின் வாயைக் கிளறிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போனார்.

"வாங்க ரூல்ஃப். அரை பழுப்புதானே?"

"ம். அப்புறம்... போன வாரம் இம்கேவப் பத்திச் சொன்னீங்களே."

"ஆமா! எங்க அக்கா பொண்ணு அஸென்லதானே இருக்கா. அவ போட்டோ அனுப்பியிருந்தா. அப்படியே ஒங்க மூக்கு!"

"அப்படியா?"

"மூக்கு மட்டுமா? அந்த மொறைப்பும்தான்! ரொம்ப சந்தோஷமா இருக்கும் இல்ல ஒங்களுக்கு?"

"ரொம்ப."

"நேர்ல போய்ப் பாத்துட்டீங்களா?"

"போகணும். இந்த வாரம் பசங்களுக்குப் பரீட்சை."

"கேட்டீங்களா கதைய! ஊருக்கே காரு ஓட்டச் சொல்லித் தர்றவரு, அஸெனுக்குப் போக வழி இல்லையாம்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரூல்ஃபும் சேர்ந்து சிரித்தார்.

[அந்த மூக்கு யாருடையது? உங்களுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கும். அவர்கள் மொழியில் 'அவளுக்கு' என்றோ 'குட்டிக்கு' என்றோ சொல்லாமல் கேஸ்கே அந்த வாக்கியத்தை முடித்திருக்க முடியாது. ரூல்ஃபுக்கு அங்கேயே விடை கிடைத்திருக்கும், கதையும் முடிந்திருக்கும். நம் மொழியில்தான் எழுவாயை விழுங்கிவிட்டு ஊர்க்கதை முழுவதும் பேசலாம். அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டேன். போங்காட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.]

6

"ஒரு ஆளு இருக்காங்களா இல்லையான்னே தெரியலேன்னா என்ன குறி?" என்று நீன்கேவிடம் கேட்டார்.

"கேள்விக்குறிதான். யாரு அந்த ஆளு?"

"சும்மா கேட்டேன். வயித்துல இருக்கற கொழந்தைக்கு?"

"முக்கோணம்."

"எங்ககிட்ட ரோட்டுல வரிசையா முக்கோணம் போட்டிருந்தா, வழி விடுன்னு அர்த்தம்."

நீன்கே இந்த முறை சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ரூல்ஃப் சொல்லிவிட்டார். ரொட்டிக் கடை, வாழ்த்து, மூக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"கடைக்காரம்மாகிட்ட, எதுக்கு வாழ்த்துன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுபோயிடும்."

"யாருக்கு?"

ரூல்ஃப் ஜன்னலைப் பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ மிக மோசமாகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கு," என்றார். அந்த வண்டி ஒருவழியாக நின்றதும், "எனக்கு," என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நீங்கள் ரூல்ஃபை வெறும் பாவப்பட்ட மனிதர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் அந்த நாட்களில் சந்தோஷமாகவும் இருந்தார். கெட்டதற்கு யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே மகளுக்கு நடந்தது எதுவானாலும் நல்லதுதான். என்னவென்று தெரியாத அந்த நல்லதை மனதில் வைத்துக்கொண்டு அவர் காலையில் எழுந்தார், முகம் மழித்தார், பாட்டு முணுமுணுத்தார். இரவு அரை ரொட்டியின் மீதியில் வெண்ணெய் தடவும்போது மட்டும், அந்த நல்லது நடந்தபோது அவளுக்கு அப்பா என்று ஒருவர் ஞாபகத்துக்கே வரவில்லை என்பது நினைவுக்கு வரும். அப்போது கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முடிவு. கேஸ்கே ஆளை மாற்றிச் சொல்லிவிட்டாள். வேறு ஏதோ ஒரு இம்கே, வேறு ஏதோ ஒரு மூக்கு. ரூல்ஃபுக்கு இது தெரியவருகிறது. இப்போது அவரிடம் அந்தப் பெயர் தெரியாத சந்தோஷமும் இல்லை. எழுதி முடித்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு மனிதரிடமிருந்து பிடுங்க இதற்கு மேல் என்ன மிச்சம் இருக்கிறது?

இரண்டாவது முடிவு. குழந்தைதான். ரூல்ஃப் போகிறார், கதவு திறக்கிறது, யாரும் எதுவும் பேசுவதற்குள் குழந்தை அவர் கையில் வந்துவிடுகிறது, மூன்று கோடு. எழுதும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நினைத்துத்தான் அழுதேன் என்று புரிந்ததும் கிழித்துவிட்டேன். பிறந்து சில வாரமே ஆன பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் சமாதானக் கொடியாகப் பிடிப்பது அநியாயம்.

மூன்றாவது முடிவு. அவர் போகவில்லை. கார்டு வாங்கக் கடைக்குப் போகிறார். பிறந்தநாளுக்கு ஒரு தட்டு, கல்யாணத்துக்கு ஒரு தட்டு, குழந்தைக்கு, புது வீட்டுக்கு, பரீட்சைக்கு என்று தனித்தனித் தட்டு. எதற்கும் இல்லாத கார்டு ஒன்றை எடுத்து, 'வாழ்த்துக்கள், அப்பா' என்று எழுதி, தபாலில் போடாமல் வைத்துக்கொள்கிறார். உண்மையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். அந்த ஒரே காரணத்துக்காக இதை ரூல்ஃபுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவரைக் காரில் ஏற்றுகிறேன்.

8

அன்றைய மாணவி வில்மா. நாற்பத்தெட்டு வயது. கணவன் பிரிந்து போகும்போது காரையும் எடுத்துக்கொண்டு போனதால் இந்த வயதில் கற்க வந்தவள்.

"ரூல்ஃப், இது எந்த ஊரு?"

"அஸென்."

"அஸெனா! நம்ம ஊரு பாலத்தத் தாண்டுறதுக்கே எனக்கு வேர்த்துக் கொட்டும். ஏன் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

"நெடுஞ்சாலப் பழக்கம் வேணும். அடுத்த திருப்பத்துல வலது."

"நீங்க இன்னிக்குச் சரியே இல்ல. நான் செவப்பு வெளக்குல போயிருந்தாக்கூட ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"போகலையே."

"போகல. ஆனா பாக்கவும் இல்ல நீங்க."

கார்டு உறையில் எழுதி எழுதி மனப்பாடமான தெரு. செங்கல் வீடுகள், ஒட்டி ஒட்டி. வில்மா மூன்று முயற்சியில் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எதிரே இம்கேவின் ஜன்னல். இங்கே யாரும் திரை போட்டு மறைப்பதில்லை, வீட்டுச் செய்தியை ஜன்னலிலேயே மாட்டிவிடுவார்கள். ரூல்ஃப் அதை நம்பித்தான் வந்திருந்தார்.

ஜன்னலில் ஒரு மரக் கொக்கை வைத்தேன், குழந்தை பிறந்ததன் அடையாளம். எடுத்துவிட்டேன். கொடிக்கம்பில் புத்தகப் பையைத் தொங்கவிட்டேன், பரீட்சையில் தேறியதன் அடையாளம். அதையும் கழற்றினேன். காகிதத் தோரணம் கட்டிப் பார்த்தேன். தோரணம் எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள், அதனால் தொந்தரவில்லை என்று நினைத்தேன். அதுகூட அவருக்குக் கொடுக்கும் சலுகையாக எனக்குப் பட்டது. இப்போது ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. அவ்வளவுதான்.

"யாரு வீடு?" என்றாள் வில்மா.

"எம் பொண்ணு வீடு."

வில்மா எஞ்சினை அணைத்தாள். கைத்தடையை மறக்காமல் இழுத்தாள்.

"வில்மா, ஒங்க அப்பா வந்து ஒங்களுக்கு வாழ்த்துச் சொன்னா, நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

"'ஒங்களுக்கும்'னு சொல்வேன். வெளியாளுன்னா 'நன்றி'. வீட்டாளுன்னா 'ஒங்களுக்கும்'. இதுல என்ன யோசிக்க இருக்கு?"

ரூல்ஃப் இருக்கைப் பட்டையைக் கழற்றினார். வழியெல்லாம் அவர் யோசித்து வைத்திருந்ததும் இதுதான். எதற்காக வந்தோம் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. வாழ்த்துக்கள் என்று ஒரு சொல் போதும், அது எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'நன்றி' என்றால் நான் வெளியாள், புள்ளிக் கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். 'உங்களுக்கும்' என்றால் நான் வீட்டாள். எந்தக் கோடு என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

"என்ன ஒண்ணும் வாங்காம போறீங்க? பூ வாங்கிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் வில்மா.

"எதுக்குன்னு சொல்லி வாங்குறது?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வில்மாவுக்குப் புரியவில்லை.

9

அவர் மணியை அழுத்தினார். உள்ளே காலடி கேட்டது.

[இம்கேவின் கையில் என்ன கொடுப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். பால் புட்டி, பெயின்ட் தூரிகை, மோதிரம். ஒன்றும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடுதான் வருகிறாள்.]

கதவு பாதி திறந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஆல்யேவின் நெற்றி, ரூல்ஃபின் மூக்கு.

"அப்பா," என்றாள். வா என்றும் இல்லை, ஏன் வந்தாய் என்றும் இல்லை.

"வாழ்த்துக்கள், இம்கே."

என் மேஜையில் இரண்டு துண்டுத்தாள்கள் இருந்தன. ஒன்றில் 'நன்றி', மற்றதில் 'உங்களுக்கும்'. இந்த இடத்தில் ஒன்றை எடுத்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. கையை நீட்டினேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"எதுக்குப்பா?" என்று கேட்டாள்.

உண்மையிலேயே கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, கேலியும் இல்லை. தெரியாததைக் கேட்பது போல, அவர் முகத்தைப் பார்த்து, புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டாள். எவ்வளவு சின்னக் கேள்வி! ரொட்டிக் கடையில் அவர் கேட்டிருக்கலாம், கேஸ்கே ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். காலி அலமாரிக்கு முன்னால் நின்றபோது இம்கே கேட்டிருக்கலாம், எதுக்குப்பா கொடுத்தீங்க என்று. அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. இப்போது முதல் தடவையாக ஒருத்தி கேட்டுவிட்டாள்.

நான் அவருக்கு எடுத்துக்கொடுத்துப் பார்த்தேன். 'எல்லாத்துக்கும்' என்று சொல்லச் சொன்னேன். 'சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்' என்று சொல்லச் சொன்னேன். 'உனக்கே தெரியுமே' என்றுகூடச் சொல்லச் சொன்னேன், கெட்டிக்காரத்தனமான பதில், நம் மானம் போகாது. ரூல்ஃப் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

"தெரியலம்மா," என்றார். "ரொட்டிக் கடையில சொன்னாங்க."

இனி இம்கே பேச வேண்டும். கதவு பாதிதான் திறந்திருக்கிறது, தெருவில் வில்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இம்கே வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் இதுவரை அப்படி ஒரு மணியை அழுத்தியதில்லை, அதனால் அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை.